கண்டெடுத்தவன் பங்கு

அவரை முட்டுக்காரர் என்றால்தான் தெரியும். சொந்தப் பெயரை அவரே மறந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. கழிவுத்தொட்டிக்குக் குழி எடுப்பது, குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டுவது, கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டுவது என்று நாள் முழுக்க மண்ணுக்குள்ளேயே கிடக்கிற பிழைப்பு. அந்தத் தொழிலில் இருக்கிற மற்றவர்கள் சுவர் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் இறங்கிக்கொண்டே போவார்கள். இவர் மட்டும் குழி நெஞ்சளவு ஆனதும் வேலையை நிறுத்திவிடுவார். பக்கச் சுவர்களில் பலகைகளைச் சாய்த்து, குறுக்கே கட்டைகளை வைத்து இறுக்கி, மண் சரியாதபடி முட்டுக் கொடுத்த பிறகுதான் அடுத்த கூடை மண்ணைத் தொடவிடுவார். வேலை கொடுத்தவர் தலையால் தண்ணீர் குடித்தாலும் இந்த விஷயத்தில் மனிதர் மசியமாட்டார்.

“செத்தாலும் தன் குழிக்குத் தானே முட்டுக் கொடுத்துட்டுத்தான்யா இவர் போய்ப் படுப்பாரு” என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டலடிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். கேலி பேசியவர்களில் இரண்டு பேரை அவரே மண்ணுக்குள்ளிருந்து உயிரோடு இழுத்துப் போட்டிருக்கிறார். அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. குழிக்குள் ஒருத்தர் இறங்கினால் மேலே ஒருத்தர் நிற்க வேண்டும். மேலே நிற்கிறவருக்குக் கூடையை இழுப்பது இரண்டாவது வேலைதான். முதல் வேலை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது. கீழே ஆள் இருக்கும்வரை தண்ணீர் குடிக்கக்கூட அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. இது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் மண் வெட்டுகிறவர்களிடையே இதை மீறியவனோடு யாரும் ஜோடி சேரமாட்டார்கள்.

முட்டுக்காரரின் ஜோடி அவருடைய தம்பிதான். அப்பாவும் அம்மாவும் போனபோது தம்பிக்குப் பால்பல்கூட விழவில்லை. அண்ணன்தான் குளிப்பாட்டி, ஊட்டி, அடித்து, அணைத்து வளர்த்தார். பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் “தம்பியும் கூடவே இருப்பானா?” என்று கேட்டார்கள். “இருப்பான்” என்பார் இவர். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கடைசியில் தம்பிக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டு, அந்த வீட்டு முன்அறையில் ஒரு கட்டிலும் தகரப்பெட்டியுமாக ஒதுங்கிக்கொண்டார். தம்பி மனைவி நல்லவள். மாமா, மாமா என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். வேலை முடிந்து வந்தால் அவள் கையால் சூடாகச் சாப்பாடு. தம்பி மகள் நடக்கப் பழகியதே இந்தப் பெரியப்பாவின் விரலைப் பிடித்துத்தான். கல்யாணம் ஆகாதவர் என்று யாராவது அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டால், எதற்கு என்று அவருக்கு உண்மையிலேயே புரியாது.

தம்பி தங்கமான பையன், ஆனால் பரபரப்புக்காரன். காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவன் மாதிரி எதிலும் அவசரம். குடியிருந்த வாடகை வீட்டின் பின்சுவரில் வருஷம் முழுக்க ஈரம். குழந்தைக்கு அந்த ஈரத்தால் மூச்சிரைப்பு வந்துகொண்டே இருந்தது. உலர்ந்த சுவரோடு ஒரு வீடு வேண்டும் என்பதைத் தவிர அவன் வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

ஒரு பல் டாக்டரின் வீட்டுப் பின்பக்கம் கழிவுத்தொட்டிக்குக் குழி எடுக்கிற வேலை வந்தது. வீட்டின் முன்பக்கத்திலேயே அவருடைய ஆஸ்பத்திரி. அவர் வந்து சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக் காட்டினார். கழிவு வெளியேறும் குழாய் எந்தப் பக்கம் வரும் என்பதையும் கையை நீட்டிச் சொன்னார். தம்பி இறங்கினான், அண்ணன் மேலே நின்றார். நெஞ்சளவு வந்ததும் வழக்கம்போல வேலையை நிறுத்தி முட்டுக் கொடுத்தார்கள்.

முட்டுப் பலகைகளும் கூடவே இறங்க, இன்னும் ஓர் ஆள் உயரம் போயிருப்பான். மண்வெட்டிச் சத்தம் நின்றது.

“அண்ணே, கொஞ்சம் குனிஞ்சு பாரேன்.”

ஒரு பலகைக்கும் அடுத்த பலகைக்கும் நடுவே, சுவருக்குள்ளிருந்து செம்புப் பானை ஒன்றின் வாய் தெரிந்தது. பச்சை பிடித்துப்போயிருந்தது. வாயோரம் உடைந்து நாலைந்து காசுகள் உதிர்ந்து கிடந்தன. தம்பி ஒன்றை எடுத்து வேட்டியில் தேய்த்தான். பொன்.

மண் தோண்டுகிறவர்களுக்கு இந்த விஷயத்தில் சட்டம் தெரியும், பட்டுத் தெரிந்துகொண்டது. பழைய இரும்போ செம்புக் கம்பியோ கிடைத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். புதையல் வேறு. வேறு வேலை செய்யும்போது தற்செயலாகக் கிடைத்து, உடனே தெரிவித்துவிட்டால், கண்டெடுத்தவனுக்குப் பாதி, நிலத்துக்காரருக்குப் பாதி. மறைத்தால் ஜெயில். அனுமதி இல்லாமல் புதையலைத் தேடித் தோண்டினாலும் அப்படித்தான். சல்லிக்காசு கிடைக்காது, வழக்கு மட்டும் கிடைக்கும். மண்ணுக்குள் கிடப்பது யாருக்குச் சொந்தம் என்று மண்ணைத் தொடாதவர்கள் எழுதி வைத்தது. இருந்தாலும் குழிவெட்டிக்குப் பாதி என்று எழுதியவன் யாரோ நல்லவன்தான்.

“எதையும் தொடாத. மேல வா. டாக்டர்கிட்ட சொல்லிடுவோம்” என்றார் முட்டுக்காரர்.

“நான் மேல வந்துட்டா அந்தாளு முதல்ல இறங்கிடுவாரு. நான்தான் பாத்தேன்னு சொல்லிட்டா நம்ம கதி? நீ போய்ச் சொல்லிட்டு வா. நான் இங்கயே காவலுக்கு நிக்கிறேன்.”

“கீழ ஆள் இருக்கும்போது நான் எப்படிடா போறது?”

“அண்ணே, முட்டு கொடுத்திருக்குல்ல? நீ கொடுத்த முட்டு. அதையே நம்பமாட்டியா? சும்மா நிக்கத்தான போறேன். ஓடு!”

அவர் போனார். அத்தனை வருஷத்தில் அன்றுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் ஐந்தாறு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இவர் கால் முழுக்கச் சேறு. உள்ளே காலை வைக்கக் கூசி வாசலிலேயே நின்றார். பல் குடையும் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் எட்டிப் பார்த்து, “ஒரு நிமிஷம், இதை முடிச்சுட்டு வரேன்” என்றார். அத்தனை பேர் முன்னால் புதையல் என்று கத்தவா முடியும்? கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டாக்டரின் அந்த ஒரு நிமிஷம் நீண்டுகொண்டே போனது.

பொத்தென்று ஒரு சத்தம். கூடத்தில் இருந்தவர்களுக்கு அது கேட்டே இருக்காது. முட்டுக்காரருக்குக் கேட்டது.

ஓடி வந்து கையாலேயே தோண்டினார். நகம் பெயர்ந்தது தெரியவில்லை. தம்பியை வெளியே எடுத்தபோது அவன் வாயெல்லாம் மண். பானையை நெஞ்சோடு அணைத்திருந்தான். பக்கச் சுவரில் முட்டுப் பலகைகள் இரண்டு உருவப்பட்டு, கோட்டுக்கு வெளியே ஆள் நுழைகிற அளவு குடையப்பட்டிருந்தது. என்ன நடந்தது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பானையை உடையாமல் முழுசாக எடுத்து அண்ணன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறான். படுபாவி, சும்மா நிற்கிறேன் என்றுதானே சொன்னான்.

அன்று போலீஸ்காரர்கள் என்ன கேட்டும், “மண்ணு சரிஞ்சிடுச்சு” என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

அதன் பிறகு ஊர் பேசியது. ஊருக்கு என்ன, நாக்குக்கு எலும்பா இருக்கிறது? “பொன்னைப் பாத்ததும் புத்தி கெட்டுப்போச்சு, பேராசை பிடிச்சு உயிரை விட்டான்” என்று டீக்கடையில், தண்ணீர்க் குழாயடியில், துக்கம் விசாரிக்க வந்த இடத்திலேயே பேசினார்கள். தம்பி மனைவி காதில் அது விழாமல் இல்லை. அவள் ஒரு துணி தேய்க்கும் கடையில் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். நாள் முழுக்க நின்று தேய்த்துவிட்டு வந்து, இருமுகிற குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அந்த ஈரச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். மாமாவுக்குச் சாப்பாடு போட மட்டும் மறக்கமாட்டாள்.

பானை அரசாங்கத்தின் பூட்டுக்குள் போனது. அதைப் புதைத்தவரோ அவருடைய வாரிசோ யாரும் இல்லை என்று முடிவாகிவிட்டது. இனி கேள்வி ஒன்றுதான்: கண்டெடுத்தவனுக்குரிய பாதி, செத்துப்போன தம்பியின் மனைவிக்கும் மகளுக்கும் உண்டா, இல்லையா? முழுசும் எனக்கே என்று பல் டாக்டர் ஒரு பெரிய வக்கீலைப் பிடித்திருந்தார். முன்பெல்லாம் வேலைக்காரர்களுக்குத் தன் கையாலேயே டீ கொண்டுவந்து கொடுத்தவர் அவர். பொன் வந்தால் மனிதருக்குக் கண் தெரியாது போலிருக்கிறது.

விதவைக்காக இலவசமாக வாதாட ஒரு வக்கீலம்மா வந்தாள். சின்ன வயசு, பெரிய கண்ணாடி. விசாரணைக்கு முன்னால் முட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“ஐயா, அவங்க பிடிக்கப் போறது ஒரே இடம்தான். கோட்டுக்கு வெளியே, பலகையை உருவிட்டு, பக்கவாட்டுல ஏன் குடைஞ்சாருன்னு கேப்பாங்க. பானையைப் பாத்த பிறகு அதை எடுக்கத்தான் குடைஞ்சாருன்னா அது தேடுனதா ஆயிடும். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் கிடைக்காது.”

“குடையும்போதே தற்செயலா வந்திருந்தா?”

“அப்ப பாதி அவங்களுக்கு. ஆனா வேலை சம்பந்தமில்லாத இடத்துல ஒருத்தர் ஏன் குடையணும்? அதுக்கு ஒரு பதில் வேணும்.” அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “இப்படிச் சொல்லுங்க, அப்படிச் சொல்லுங்கன்னு நான் சொல்லித்தரக் கூடாது. நடந்தது உங்களுக்குத்தான் தெரியும்.”

அன்று அவர் சாப்பிடவில்லை. குழந்தை வந்து அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதன் நெஞ்சு கீச்கீச்சென்று இழுத்தது அவர் கைக்குத் தெரிந்தது.

விசாரணை அறையில் நீள மேஜை, சத்தம் போடும் மின்விசிறி. அதிகாரி ஒரு பெண்மணி. ஜலதோஷம் பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சுவரோர பெஞ்சில் தம்பி மனைவி உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரின் வக்கீல் எழுந்தார். “கோடு போட்டுக் கொடுத்த இடத்துக்கு வெளியே உங்க தம்பி எதுக்காக வெட்டினார்?”

“அவனா வெட்டலைங்க. நான்தான் வெட்டச் சொன்னேன்.”

“எதுக்கு?”

“குழாய் அந்தப் பக்கம்தான் வரும்னு நினைச்சேன்.”

“அந்தப் பக்கம் குழாயே கிடையாதே! டாக்டர் எதிர்ப்பக்கம் கைகாட்டிச் சொன்னாரா இல்லையா?”

“சொன்னாருங்க. நான்தான் பக்கத்தை மாத்தி எடுத்துக்கிட்டேன்.”

பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு குழிவெட்டிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முட்டுக்காரர் பக்கம் மாறிக் குழி வெட்டினார் என்றால் நாளைக்குச் சூரியனும் பக்கம் மாறி உதிக்கலாம்.

“பலகைகளை உருவியது?”

“நான்தான். காலையிலயே எடுத்துட்டேன். வெட்ட இடைஞ்சலா இருந்துச்சு. குடைஞ்சுக்கிட்டிருக்கும்போதுதான் பானை தட்டுப்பட்டுச்சு. உடனே டாக்டர்கிட்ட சொல்லப் போனேன்.”

வக்கீல் குரலை உயர்த்தினார். “பானையைக் கட்டிப்பிடிச்சபடி செத்துக் கிடந்தாரே உங்க தம்பி! அதுக்கு என்ன சொல்றீங்க?”

“சுவரு மேல விழும்போது கையில எது இருக்கோ அதைத்தானேய்யா மனுஷன் பிடிப்பான்?”

அதிகாரியம்மா கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு அவரை நேராகப் பார்த்தார்.

“பலகையை எடுத்தீங்க. திரும்ப வைக்கலையா?”

“இல்லம்மா.”

“கீழே ஆள் இருந்தாரு. மேலே இருந்து நீங்க போயிட்டீங்க.”

“ஆமாம்மா.”

இது மட்டும் அவர் ஜோடிக்கவில்லை.

“ஏன் திரும்ப வைக்கலை?”

எல்லாக் கேள்விக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தார். இதற்கு மட்டும் யோசிக்கவே இல்லை. பலகை வைக்காமல் விடுகிற ஒருவன் அதற்கு என்ன காரணம் சொல்லுவான் என்று அவருக்குத் தெரியாது.

“அலட்சியம்தாம்மா” என்றார் கடைசியில்.

“இறப்பு பத்தித் தனியா கேஸ் நடக்குது. இங்க நீங்க சொன்னது அங்கேயும் போகும். அது தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

தம்பி மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள். சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனபோது அவருடைய தகரப்பெட்டி வாசலில் இருந்தது. மடித்த போர்வையும், அவர் சாப்பிடுகிற தட்டும் அதன்மேல். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் குழந்தை “பெரியப்பா, பெரியப்பா” என்று கத்தியது. யாரோ அதை இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் கதவைத் தட்டவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். தெருமுனை வரைக்கும் அழவில்லை. அதற்குப் பிறகு அடக்க முடியவில்லை.

அவளிடம் ரகசியமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். சொன்னால் அவளையும் கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்குவார்கள். அவளுக்குப் பொய் வராது. அவள் முகத்தைப் பார்த்தே டாக்டரின் வக்கீல் கண்டுபிடித்துவிடுவார்.

இறப்பு வழக்கில் அவருக்குத் தண்டனை கிடைத்தது. ஜெயிலுக்குள்ளும் அவரைத் தோட்டத்தில் குழி வெட்டத்தான் விட்டார்கள். செடி நடுகிற குழிகள், முழங்கால் ஆழம். முட்டு தேவையில்லை. வெளியே, குழி வேலை எடுத்துச் செய்ய அவருக்கிருந்த உரிமம் ரத்தானது. கூடத் தொழில் செய்தவர்களில் விஷயத்தை ஊகித்த ஒன்றிரண்டு பேர் வாயைத் திறக்கவில்லை. மற்றவர்கள், அத்தனை நாள் முட்டு முட்டு என்று உயிரை வாங்கியவன் சொந்தத் தம்பிக்கு ஒரு பலகை வைக்கவில்லை பார் என்று காறித் துப்பினார்கள்.

அவர் வெளியே வருவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. தற்செயலாகக் கண்டெடுத்தது, கண்டெடுத்தவன் பங்கு அவனுடைய மனைவிக்கும் மகளுக்கும். டாக்டர் மேல்முறையீடு செய்தார். அதுவும் தள்ளுபடியானது. கடைசிக் கையெழுத்துக்காக எல்லோரையும் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். சாட்சி என்பதால், அதற்குள் ஜெயிலிலிருந்து வந்துவிட்ட இவரையும்.

வேலை முடிந்து கிளம்பும்போது அதிகாரியம்மா அவரை மட்டும் நிறுத்தினார். அன்றைக்கு ஜலதோஷம் இல்லை. குரல் தெளிவாக இருந்தது.

“இதோட எல்லாம் முடிஞ்சுது. இனிமே இதை யாரும் திறக்க முடியாது. யாரு யார்கிட்ட என்ன சொன்னாலும் அந்தப் பங்குக்கு ஒண்ணும் ஆகாது.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “அந்தப் பொண்ணு இன்னும் வராந்தாவுலதான் நிக்கிறா” என்றார்.

எத்தனை நாளாக இதைச் சொல்லாமல் அடக்கி வைத்திருந்தார் முட்டுக்காரர்! வராந்தாவுக்கு வேகமாக வந்தார். என்ன சொல்ல வேண்டும், எதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றுகூட யோசிக்கவில்லை. ‘நான் பலகையை எடுக்கலம்மா’ என்று ஒரு வரி போதும். சாப்பாடு, கட்டில், மடியில் ஏறும் குழந்தை எல்லாம் அந்த ஒரு வரிக்கு அந்தப் பக்கம் இருந்தன.

அவள் தூணோரம் நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். ஓரிரு நரைகூடத் தெரிந்தது. இவரைப் பார்த்ததும் முகம் இறுகியது, ஆனால் போகவில்லை.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னுதான் நின்னேன்” என்றாள். மாமா என்ற வார்த்தை வரவில்லை.

“நானும்...” என்றார் அவர்.

“முதல்ல நான் சொல்லிடறேன். அவர் செத்த அன்னைக்கே ஊரு பூரா பேசுச்சு. பேராசை பிடிச்சு பானையைத் தோண்டப் போய் செத்தான்னு. என் காதுபட பேசினாங்க. எனக்கும்... உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்துச்சு. எங்களை நினைக்காம அதுக்குப் பின்னால போயிட்டாரோன்னு. அவரை நினைச்சு அழக்கூட முடியல. அவ்வளவு கோபம் அவர்மேல.” அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. “நீங்க அன்னைக்கு எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொன்னீங்க. சொன்ன வேலையைத்தான் செஞ்சார்னு. அப்புறந்தான் நான் வீட்டுக்குப் போய் என் புருஷனுக்காக அழுதேன். என் பொண்ணுகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன், உங்கப்பா எதுக்கும் ஆசைப்படலைன்னு. நீங்க பண்ணின பாவத்தை நான் மன்னிக்கமாட்டேன். ஆனா அந்த உண்மையை மறைக்காம சொன்னீங்கல்ல, அதுக்காகத்தான் நின்னு முகத்தைப் பாத்துப் பேசறேன்.”



“நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?” என்று அவளே கேட்டாள்.

உள்ளே யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். முட்டுக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

“ஒண்ணுமில்லம்மா. பாப்பாவுக்கு இப்ப இருமல் எப்படி இருக்கு?”

“புது வீட்டுக்குப் போனதுல இருந்து இல்ல” என்றாள் அவள். “அங்க நீங்க வராதீங்க.”

“சரிம்மா” என்றார்.